உயிரொளி: தகடூர் நாட்டு மின்மினிகளும் நம் கடமையும்

தோற்றுவாய்

இரவுக்கு ஒளி தருவன எவை என்று வினவினால் திங்கள், விண்மீன், விளக்கு என மூன்றையே நாம் எண்ணிச் சொல்வோம். நான்காவதாக ஒன்றும் உண்டு. அது உயிர்கள் தம் உடலுக்குள்ளேயே ஆக்கிக்கொள்ளும் ஒளியாகும். எண்ணெயும் திரியும் இன்றி, சூடும் புகையும் இன்றி ஒளிரும் இதனை 'உயிரொளி' என அறிவியலார் வழங்குவர். நிலத்தில் மின்மினியும் சிலவகைக் காளான்களும், கடலில் நுண்ணுயிர்கள் முதல் ஆழ்கடல் மீன்கள் வரை எண்ணிறந்த உயிரினங்களும் இவ்வாற்றலைப் பெற்றுள்ளன.

இவற்றுள் தமிழ் மக்கள் அனைவரும் அறிந்தது மின்மினியே. பழைய தகடூர் நாடாகிய தருமபுரி மாவட்டம் 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சேலம் மாவட்டத்தினின்று பிரிந்து தனி மாவட்டமாயிற்று. 2004இல் இதனின்று கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது. காவிரி பாய்ந்து விழும் ஒகேனக்கல், சித்தேரி மலை, வத்தல்மலை, தென்பெண்ணை, வாணியாறு, தொப்பையாறு, சின்னாறு, ஊர்தோறும் உள்ள ஏரிகள் என இம்மாவட்டம் மலையும் நீரும் விரவிய நிலப்பரப்பை உடையது. வறட்சிக்குப் பெயர்பெற்ற பகுதியாயினும், மழை பெய்து ஓடைக்கரைகள் ஈரம் காணும் காலத்தில் புதர்கள்தோறும் மின்மினிகள் ஒளிர்வது இம்மண்ணின் இயல்பு. அவ்வியல்பு இன்று குன்றி வருவதை ஊர்ப் பெரியோர் எவரைக் கேட்டாலும் சொல்லுவர். அது ஏன் குன்றுகிறது, குன்றினால் நமக்கு வரும் இழப்பு யாது, நாம் செய்யத்தக்கது யாது என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

குளிர்ந்த ஒளியின் இயல்பு

உயிரொளியின் மறைபொருளை மனிதன் அறிந்துகொள்ள ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் ஆயின. 1668இல் இராபர்ட் பாயில் என்னும் ஆங்கில அறிஞர், இருளில் ஒளிரும் மட்கிய மரத்துண்டு ஒன்றைக் கண்ணாடிக் கலத்துள் இட்டுக் காற்றை வெளியேற்றினார். ஒளி மங்கியது. காற்றை மீண்டும் உட்செலுத்தியதும் ஒளி திரும்பியது. இவ்வொளிக்குக் காற்று இன்றியமையாதது என்பது அன்று புலனாயிற்று. 1885ஆம் ஆண்டை ஒட்டிப் பிரெஞ்சு அறிஞர் இரஃபேல் துபுவா, ஒளிக்கு இரண்டு பொருள்கள் வேண்டும் என்று கண்டார். ஒன்று எரிபொருள் போன்றது, அது லூசிஃபெரின். மற்றொன்று அவ்வினையைத் தூண்டும் நொதி, அது லூசிஃபெரேஸ். 1947இல் வில்லியம் மெக்கல்ராய், உயிரணுக்கள் அனைத்திலும் ஆற்றலைச் சேமித்து வைக்கும் ஏ.டி.பி. என்னும் பொருளும் மின்மினியின் ஒளிக்கு வேண்டும் என மெய்ப்பித்தார்.

ஆகவே மின்மினியின் வயிற்றின் இறுதிக் கணுக்களில் நிகழ்வது இதுதான்: லூசிஃபெரின் ஏ.டி.பி.யுடன் வினைபுரிந்து பின் உயிர்வளியோடு சேர்கிறது. அவ்வினையில் வெளிப்படும் ஆற்றல் பெரிதும் வெப்பமாகாமல் ஒளியாகவே வெளிப்படுகிறது. பழைய குண்டு மின்விளக்கு தான் உண்ட மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாகவே வீணாக்கியது. மின்மினியோ கையில் ஏந்தினும் சுடாது. 'குளிர்ந்த ஒளி' என்று இதனை அழைப்பது இக்காரணம் பற்றியே. ஒளி உறுப்புக்குச் செல்லும் உயிர்வளியை விட்டும் தடுத்தும் ஒளியை மின்னச் செய்வதும் அணைப்பதும் அப்பூச்சிக்குக் கைவந்த கலையாகும்.

இவ்வாற்றல் ஒரே ஒரு முறை தோன்றிப் பரவியதன்று. உயிரினங்களின் நெடிய வரலாற்றில் தொண்ணூறு முறைக்கு மேல் தனித்தனியே தோன்றியுள்ளது என ஆய்வாளர் கணித்துள்ளனர். கலிபோர்னியக் கடற்பகுதியில் நிகழ்ந்த நெடுநாள் ஆய்வொன்று, கடலின் மேற்பரப்பு முதல் ஆழம் வரை மிதந்தும் நீந்தியும் வாழும் விலங்குகளுள் ஏறக்குறைய 76 விழுக்காடு உயிரொளி உடையவை என 2017இல் காட்டியது. நிலத்தில் அரியதாகிய இவ்வொளி, கடலில் பொதுமொழியாக விளங்குகிறது எனலாம்.

மின்மினியின் வாழ்க்கை

மின்மினியை ஈ என்று கருதுவோர் உளர். உண்மையில் அது வண்டினத்தைச் சேர்ந்தது. உலகில் 2,000க்கும் மேற்பட்ட மின்மினி இனங்கள் அறியப்பட்டுள்ளன. முட்டை, புழு, கூட்டுப்புழு, முதிர்ந்த வண்டு என நான்கு பருவங்கள் அதற்கு உண்டு. நாம் காணும் பறக்கும் மின்மினி அதன் வாழ்நாளின் இறுதிப் பகுதியே; அப்பருவம் சில நாள்களோ சில வாரங்களோ நீடிப்பது. பல இனங்களில் முதிர்ந்த வண்டு உணவே கொள்வதில்லை. வாழ்நாளின் பெரும்பகுதியை அது புழுவாக ஈரமண்ணிலும் சருகுக்கு அடியிலும் கழிக்கிறது.

அப்புழு ஒரு வேட்டையாடி. நத்தை, ஓடில்லா நத்தை, மண்புழு ஆகியவற்றைத் தேடிச் சென்று உண்பது அதன் தொழில். இலங்கையில் வாழும் ஒரு மின்மினி இனத்தின் புழுக்கள், பயிர்களை அழிக்கும் ஆப்பிரிக்கப் பெருநத்தையை உண்பதைக் கண்டு, அந்நத்தையைக் கட்டுப்படுத்த அவை பயன்படுமா என அறிஞர் முன்னரே ஆராய்ந்துள்ளனர். எனவே மின்மினி கண்ணுக்கு விருந்தாவதோடு, நம் தோட்டத்துக்குக் கூலி கேளாத காவற்காரனாகவும் உள்ளது.

ஒளி எதற்கு என்னும் வினாவுக்கும் விடை உண்டு. புழுப்பருவத்து ஒளி, 'நான் உண்ணத் தகாதவன், கசப்பவன்' என்று பகைக்கு விடுக்கும் எச்சரிக்கை. முதிர்ந்தபின் அதுவே மணத்தூது. ஆண் மின்மினி பறந்துகொண்டே தன் இனத்துக்குரிய கால அளவில் மின்னுகிறது. புல்நுனியில் அமர்ந்துள்ள பெண் மின்மினி, அம்மின்னலைத் தன் இனத்தது என அறிந்தால் மட்டுமே விடைமின்னல் தருகிறது. இவ்வினாவும் விடையும் நிகழ இருள் வேண்டும். இருள் கெட்டால் தூது கெடும்; தூது கெட்டால் அடுத்த தலைமுறை இல்லை. இக்கட்டுரை சொல்ல விழையும் செய்தியின் உயிர்நிலை இதுவே.

இலக்கியமும் வழக்கும்

நம் முன்னோர் மின்மினியைக் கூர்ந்து நோக்கியுள்ளனர். அகநானூற்றின் 72ஆம் பாடல் மழை பொழியும் நள்ளிரவுக் காட்டைக் காட்டுகிறது. அங்கே சிதைந்த வாயையுடைய புற்றின்மீது மின்மினிகள் மொய்த்திருக்கின்றன. அப்புற்றைக் கிண்டும் கரடி இரும்பை அடிக்கும் கொல்லனைப் போலவும், மின்மினிகள் உலைக்களத்துத் தீப்பொறிகளைப் போலவும் புலவர்க்குத் தோன்றுகின்றன. உவமையின் அழகு ஒருபுறம் இருக்க, அதனுள் அடங்கிய இயற்கை அறிவை நாம் நோக்க வேண்டும். மழைக்காலம், இருள், உழப்படாத மண், மனிதக் கை படாத புற்று ஆகிய நான்கும் அப்பாடலில் ஒருங்கே அமைந்துள்ளன. மின்மினி வாழ இன்றியமையாதன என்று இன்றைய ஆய்வாளர் கூறுவனவும் ஈரம், இருள், கலைக்கப்படாத நிலம் என்பனவே. இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியில் புலவரும் ஆய்வாளரும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றனர்.

தூக்கணாங்குருவி தன் கூட்டில் களிமண்ணை அப்பி, அதில் மின்மினியைப் பதித்து விளக்காக்கிக் கொள்ளும் என்பது நாட்டுப்புற வழக்கு. கூட்டின் உட்புறத்தில் அக்குருவி களிமண் அப்புவது உண்மையே. விளக்கு என்பது மக்கள் கற்பனை. தூக்கணாங்குருவியின் கூடுகட்டும் பழக்கத்தை நேரில் பலகாலம் நோக்கி 1931இல் கட்டுரை வெளியிட்டவர் பறவையியல் அறிஞர் சாலிம் அலி (1896–1987). கோவையை அடுத்த ஆனைகட்டியில் அவர் பெயரால் ஆய்வு நடுவம் இயங்கி வருகிறது. கேட்டதை அப்படியே ஏற்காது கண்ணால் கண்டு எழுதும் அவர்தம் நெறியே மின்மினியைக் காக்க விரும்பும் மாணவர்க்கும் முதற்பாடம்.

ஆனைமலை தந்த நற்செய்தி

2022 ஏப்ரல் திங்களில் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் உலாந்தி வனச்சரகத்தில் வனத்துறையினரும், வண்டலூரில் உள்ள உயர்நிலை வன உயிரினப் பாதுகாப்பு நிறுவனத்து ஆய்வாளரும் ஓர் அரிய காட்சியை ஆராய்ந்தனர். பல்லாயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் ஒளிர்ந்து ஒரே தாளத்தில் அணைந்தன. ஒரு மரத்தில் தொடங்கும் ஒளி அலைபோல அடுத்தடுத்த மரங்களுக்குப் பரவிச் சென்றது. இவை அப்ஸ்காண்டிட்டா என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை என அடையாளம் காணப்பட்டது. மலேசியாவின் சிலாங்கூர் ஆற்றங்கரை, அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலை போன்ற சில இடங்களுக்கே உரியதாக உலகம் பேசிவந்த இசைவொளி, தமிழ்நாட்டுக் காட்டிலும் உண்டு என்பது நமக்குப் பெருமை தருவதாகும்.

அவ்வொளி அங்கே நிலைத்திருப்பதற்குக் காரணம், அது காப்பகத்தின் உட்காடாக இருப்பதும் செயற்கை வெளிச்சம் அங்கு எட்டாமையுமே. தருமபுரிக்கும் இத்தகைய வாய்ப்பு உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் காடுகளில் ஏறத்தாழ 686 சதுர கிலோமீட்டர் பரப்பு, 2022 நவம்பரில் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. யானைக்காகவும் பிற பெருவிலங்குகளுக்காகவும் காக்கப்படும் காட்டில் சிற்றுயிரும் சேர்ந்தே பிழைக்கும்.

கடலொளி: ஒரு மறுபக்கம்

உயிரொளி எங்குப் பெருகினும் அது நன்மையின் அடையாளம் என எண்ணிவிடலாகாது. 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலைகள் நீலநிறமாய் ஒளிர்ந்தபோது மக்கள் திரண்டு சென்று கண்டு வியந்தனர். அவ்வொளியைத் தந்தது நாக்டிலூக்கா என்னும் நுண்ணுயிர். அடுத்த மாதமே மன்னார் வளைகுடாவில் அதே உயிர் மிகுதியாகப் பெருகிக் கடல்நீர் பச்சை நிறமாயிற்று. மீன்கள் இறந்து கரை ஒதுங்கின. மண்டபம் பகுதி மீனவர் இதனைப் 'பூங்கோரை' என்பர். ஊட்டச்சத்து அளவுக்கு மிஞ்சிய நீரில் இத்தகைய பெருக்கம் எளிதில் நிகழ்கிறது. உரமும் கழிவுநீரும் கடலில் கலப்பது அதற்குத் துணையாகிறது. பெருகியவை மடிந்து அழுகும்போது நீரிலுள்ள உயிர்வளி குறைந்து மீன்கள் மூச்சுத் திணறுகின்றன.

ஆகவே நிலத்தில் ஒளி குறைவதும் நோயின் குறி. கடலில் ஒளி அளவின்றிப் பெருகுவதும் நோயின் குறி. நாம் காக்க வேண்டியது வெறும் வெளிச்சத்தை அன்று. அவ்வுயிர்கள் அளவோடு வாழ இடந்தரும் இயற்கைச் சமநிலையையே. வயலில் இடும் உரமும் பூச்சிக்கொல்லியும் ஓடை வழியே ஆற்றுக்கும், ஆற்று வழியே கடலுக்கும் செல்வதால், ஒகேனக்கல்லும் கடலும் நீரால் இணைந்தவை என்பதையும் நாம் மறத்தல் கூடாது.

மனிதன் பெற்ற பயன்

உயிரொளி மருத்துவத்துக்கும் அறிவியலுக்கும் ஆற்றியுள்ள தொண்டு பெரிது. 1962இல் ஜப்பானிய அறிஞர் ஒசாமு ஷிமோமுரா ஒருவகை ஒளிரும் இழுதுமீனிலிருந்து பச்சையொளிப் புரதத்தைப் பிரித்தெடுத்தார். அப்புரதம் உயிரணுவுக்குள் நிகழ்வனவற்றை நேரில் காணும் விளக்காயிற்று. இதற்காக 2008ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு அவர்க்கும் மார்ட்டின் சால்ஃபி, ரோஜர் சியன் ஆகியோர்க்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

1985இல் மின்மினியின் லூசிஃபெரேஸ் மரபணு படியெடுக்கப்பட்டது. 1993இல் அந்த மரபணுவைக் கொண்டு காசநோய்க் கிருமியை ஒளிரச் செய்து, எம்மருந்துக்கு அது மடியும், எம்மருந்தைத் தாங்கும் என விரைவில் அறியும் முறை வெளியிடப்பட்டது. மருந்து பட்டு மடியும் கிருமி ஒளிராது. மருந்தைத் தாங்கி வாழும் கிருமி ஒளிரும். உணவுக்கூடங்களிலும் மருத்துவமனைகளிலும் தூய்மையைச் சில நொடிகளில் சோதிக்கும் கருவிகளும் மின்மினியின் வேதியியலையே பயன்படுத்துகின்றன. ஓர் இனம் அழிந்தால் அதனோடு அதன் வேதியியலும் அழியும். நாளை எந்நோய்க்கு எவ்வுயிர் விடை வைத்திருக்கிறது என்பதை இன்று நாம் அறியோம். அறியாதபோது அழிக்காதிருத்தலே அறிவுடைமை.

அழிவின் காரணங்கள்

உலகெங்கும் உள்ள மின்மினி ஆய்வாளர்களின் கருத்துகளைத் திரட்டி 2020இல் வெளியான ஆய்வு, மூன்று காரணங்களை முதன்மையாகக் கூறியது: வாழிடம் அழிதல், செயற்கை ஒளி, பூச்சிக்கொல்லி. வட அமெரிக்காவில் ஆராயப்பட்ட 128 மின்மினி இனங்களுள் 18 இனங்கள் அழியும் நிலையில் உள்ளன என 2021இல் அறிவிக்கப்பட்டது. இம்மூன்று காரணங்களும் நம் ஊர்களில் எவ்வாறு செயற்படுகின்றன என்று பார்ப்போம்.

முதலாவது வாழிடம். ஏரிக்கரைப் புதரும், ஓடையோரத் தாழையும், வரப்புப் புல்லும் பயனற்றவை என்று நாம் எண்ணுகிறோம். அவற்றை வெட்டிக் கொளுத்துகிறோம். ஓடைக்குச் சிமெண்ட் கரை கட்டுகிறோம். சருகைக் கூட்டித் தீ வைக்கிறோம். சருகுக்கு அடியில் ஓராண்டுக் காலமோ அதற்கு மேலோ வளரும் புழு அத்தீயில் மடிகிறது. பறக்கும் மின்மினியைக் கொல்லாமலேயே அவ்வினத்தை நாம் ஒழித்துவிடுகிறோம்.

இரண்டாவது பூச்சிக்கொல்லி. தக்காளி, மா, மலர்ப் பயிர்கள் மிகுந்த இம்மாவட்டத்தில் மருந்தடிப்பு இன்றியமையாதது என உழவர் கருதுவது இயல்பே. அவர்தம் இடர்ப்பாட்டை நாம் அறிவோம். ஆயினும் தேவை நோக்காது நாள்குறித்து அடிக்கும் மருந்து, பயிரைத் தின்னும் பூச்சியை மட்டும் தேடிக் கொல்வதில்லை. மண்ணில் ஊறி நத்தையையும், நத்தையைத் தின்னும் மின்மினிப் புழுவையும் அது கொல்கிறது. காவற்காரன் மடிந்தபின் நத்தைக்கும் தனியே மருந்து வாங்கும் நிலை வருகிறது.

மூன்றாவது செயற்கை ஒளி. முழுநிலவு தரும் வெளிச்சம் ஏறக்குறைய 0.1 முதல் 0.3 லக்ஸ் அளவினது. தெருவிளக்கின்கீழ் 10 லக்ஸுக்கும் மேற்பட்ட வெளிச்சம் விழுகிறது. நிலவைவிட முப்பது மடங்குக்கும் மேற்பட்ட அவ்வெளிச்சத்தில் மின்மினியின் சிறு ஒளி எங்ஙனம் புலப்படும்? மக்கள்தொகையில் பத்தில் எட்டுப் பங்கினர் ஒளி மாசுற்ற வானத்தின்கீழ் வாழ்கின்றனர் என 2016இல் வெளியான உலக ஒளிமாசு வரைபடம் காட்டியது. தேசிய நெடுஞ்சாலை 44இன் ஓரங்களில் விடிய விடிய எரியும் விளம்பரப் பலகைகளும், சிற்றூர் முச்சந்திகளிலும் எழுந்துள்ள உயர்கோபுர மின்விளக்குகளும் நம் மாவட்டத்து இரவையும் மாற்றிவிட்டன.

இங்கே பெரியோர் ஒரு தடை எழுப்பலாம். பாம்புக்கும் கள்வர்க்கும் அஞ்சி, காட்டையொட்டிய ஊர்களில் யானைக்கும் அஞ்சி வாழ்ந்த மக்களுக்கு வெளிச்சம் வந்தது பெரும்பேறு அன்றோ? வேலை முடிந்து இரவில் திரும்பும் பெண்கள் இருளில் நடக்க வேண்டுமா? இத்தடை நியாயமானது. விளக்கே வேண்டா என்பது நம் கருத்தன்று. வழிக்கு விளக்கு வேண்டும்; ஏரிக்கு வேண்டுவதில்லை. தரைக்கு வெளிச்சம் வேண்டும், வானுக்கு வேண்டுவதில்லை. மூடியிட்டுக் கீழ்நோக்கி அமைத்த விளக்கு நடப்பவர்க்குக் கூடுதல் வெளிச்சமே தரும், கண்கூச்சம் குறையும், மின்கட்டணமும் குறையும். ஆகவே மனிதர் காப்புக்கும் மின்மினி காப்புக்கும் இடையே பகை இல்லை.

செய்யத்தக்கன

முதலாவதாக, ஊராட்சிகள் ஏரிக்கரை, ஓடைக்கரை, காட்டோரம் ஆகிய இடங்களில் விளக்கு அமைக்கும்போது வெண்ணீல ஒளியைத் தவிர்த்து, மஞ்சள் சார்ந்த மெல்லொளி விளக்குகளைத் தாழ்வாகவும் மூடியுடனும் அமைக்கலாம். மழைக்கால மின்மினிப் பருவத்தில் ஆள் நடமாட்டம் ஓய்ந்தபின் தேவையற்றவற்றை அணைக்கலாம்.

இரண்டாவதாக, தூர்வாரும் பணியின்போது கரை முழுவதையும் ஒரே ஆண்டில் வழித்தெடுக்காமல் ஒரு பகுதியைப் புதரும் புல்லுமாக விட்டு வைக்கலாம். தோட்டத்தின் ஒரு மூலையில் சருகு மட்க விடலாம். பூச்சி மிகுந்த பின்னரே மருந்து என்னும் ஒருங்கிணைந்த பயிர்க்காப்பு முறையை வேளாண் துறையினர் வாயிலாக உழவர் மேற்கொள்ளலாம்.

மூன்றாவதாக, சட்டத்தின் துணையை நாடலாம். 2002ஆம் ஆண்டின் உயிரியற் பல்வகைமைச் சட்டப்படி உள்ளாட்சிதோறும் மேலாண்மைக் குழுவும் மக்கள் பதிவேடும் இருத்தல் வேண்டும். அப்பதிவேட்டில் மின்மினி ஒளிரும் இடங்களையும் சேர்க்கச் சொல்லலாம். அச்சட்டத்தின் கீழ்த்தான் மதுரை மாவட்டத்து அரிட்டாப்பட்டி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஊரார் விழிப்புடன் இருந்தால் சிறிய ஊரும் தன் இயற்கையைக் காத்துக்கொள்ள இயலும் என்பதற்கு அது சான்று.

நான்காவதாக, மாணவர் பணி. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், பத்து நிமிடம் நின்று கண்ட மின்னல்களை எண்ணி, நாள், மழை, நிலவு, அருகிலுள்ள விளக்கு ஆகியவற்றோடு குறித்து வைத்தால் போதும். ஐந்தாண்டு இவ்வாறு தொடர்ந்து குறித்த ஏடு எந்த ஆய்வாளர்க்கும் கருவூலமாகும். காணச் செல்வோர் கைவிளக்கை அணைத்து, பாதையை விட்டு விலகாது நிற்க வேண்டும். பறக்க இயலாப் பெண் மின்மினிகள் புல்லில் இருப்பதால் மிதிபட்டு மாளும். மகாராட்டிரத்தின் பண்டார்தரா பகுதியில் மின்மினி விழாவுக்குத் திரளும் கூட்டமும் ஊர்தி வெளிச்சமும் அவற்றுக்கே கேடாயின என்னும் கவலை எழுந்துள்ளது. ஒகேனக்கல் சுற்றுலாவை வளர்ப்போர் இதனை மனங்கொள்ள வேண்டும். பூச்சியைப் பிடித்துப் புட்டியில் அடைத்து மகிழும் பழக்கத்தையும் சிறார்க்கு அன்புடன் விலக்க வேண்டும்.

முடிவுரை

யானையைக் காக்க அரசு வேண்டும், காடு வேண்டும், பெரும்பொருள் வேண்டும். மின்மினியைக் காக்க ஓர் ஈரமான கரையும், சிறிது சருகும், சில நாழிகை இருளும் போதும். இம்மூன்றும் நம் கைக்கு எட்டியவை. எளிதில் காக்கக் கூடியதையே நாம் இழந்துவிட்டால், அரியவற்றைக் காப்போம் என்று நாம் கூறும் உறுதிமொழியை எவர் நம்புவர்?

ஒரு சொல் வாழ அச்சொல் குறிக்கும் பொருளும் வாழ வேண்டும். மின்மினி என்னும் அழகிய தமிழ்ச்சொல்லை அகராதியில் மட்டும் காணும் தலைமுறையை நாம் உருவாக்கலாகாது. பெரியோர் தாம் கண்ட இடங்களைச் சொல்லட்டும்; ஆசிரியர் வழிகாட்டட்டும்; மாணவர் சென்று எண்ணி எழுதட்டும். வரும் மழைக்காலத்திலேயே இப்பணியைத் தொடங்குவோமாக.